சுழலும் பலகை

வட்ட மேசைக்குத் தலை, கடை என்ற பேதம் இல்லை என்றே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். வாயிலை நேராகப் பார்க்கும் நாற்காலி மூத்தவருக்கு உரியது என்பதும், அவர் அமர்ந்த பிறகே மற்றவர்கள் அமர வேண்டும் என்பதும், மீன் வரும்போது அதன் தலை அவரை நோக்கியே நிற்க வேண்டும் என்பதும், 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25-ஆம் தேதி சனிக்கிழமை மாலை, சிங்கப்பூரில் ஒரு தியோச்சூ உணவகத்தின் மேல்மாடியில், என் சிநேகிதியின் தாயார் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் வந்து அமர்ந்தபோதுதான் எனக்குத் தெரிய வந்தன. நாங்கள் ஐந்து பேர். சிநேகிதி, அவள் கணவர், எங்கள் அலுவலகத்திலிருந்து அண்மையில் ஓய்வு பெற்ற மேலதிகாரி, நான், நாங்கள் எல்லாரும் ஆன்ட்டி என்று அழைக்கும் அந்தத் தாயார். எங்களோடு எப்போதும் சேர்ந்தே திரியும் மலாய்ச் சிநேகிதி ஒருத்தி உண்டு. பன்றி இறைச்சி சமைக்கும் அடுக்களையின் உணவை அவள் உண்ணலாகாது ஆகையால், சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டு சினிமாவுக்கு மட்டும் வருவதாகச் சொல்லியிருந்தாள். எந்த மேசையும் எல்லாருக்கும் இடங்கொடுத்துவிடுவதில்லை என்ற ஞாபகம் அன்று முதலிலிருந்தே என் மனத்தில் ஓர் ஓரமாக இருந்தது.

அன்று சீனரின் ஏழாம் மாதத்துப் பௌர்ணமி. அந்த மாதம் முழுவதும் மறுவுலகத்தின் கதவு திறந்திருக்கிறது என்றும், பசித்த ஆவிகள் பூமிக்கு வந்து உலவுகின்றன என்றும் அவர்கள் நம்புகிறார்கள். அடுக்குமாடி வீடுகளின் கீழே தகர உருளைகளில் காகிதப் பணமும் காகிதச் சட்டைகளும் எரிந்து, கரித்தூள் காற்றில் ஏறி, மேல்மாடிகளில் மூங்கிற்கழிகளில் உலரும் துணிகளின்மேல் வந்து படியும். திறந்த வெளிகளில் ‘கெத்தாய்’ என்னும் பாட்டு மேடைகள் அமைப்பார்கள். அங்கே முன்வரிசை நாற்காலிகளில் யாரும் உட்காருவதில்லை, ஏனெனில் அவை கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகளுக்காக விடப்பட்டவை. நாம் ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை. அவர்கள் இந்த மாதத்தில் வைப்பதில்லை. மகாளய பட்சத்தில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும் அப்பாவைப் பார்த்து வளர்ந்த எனக்கு இவற்றில் எதுவும் அந்நியமாகத் தோன்றியதே இல்லை. ஆன்ட்டி சாப்பாட்டோடு வீடு திரும்பிவிடுவதாக முன்னதாகவே சொல்லிவிட்டதற்கும் இதுதான் காரணம். இந்த மாதத்தில் இரவு வெகுநேரம் வெளியில் தங்கலாகாது.

மேசையின் நடுவே ஒரு கண்ணாடிப் பலகை இருந்தது. விரல் நுனியால் தொட்டால் மெள்ளச் சுழன்று, யார் எந்தத் தட்டை விரும்புகிறாரோ அந்தத் தட்டை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். தொன்றுதொட்டு வந்த சீன மரபு அது என்றுதான் பார்க்கிறவர்கள் எண்ணுவார்கள். உண்மையில் சீன விருந்துக்கு அது சென்ற நூற்றாண்டில் வந்த சாதனம். அதற்காக வாதாடியவர்களுள் முக்கியமான ஒருவர் இந்த மலாயாப் பிரதேசத்தில் பிறந்த வைத்தியர். 1879-இல் பினாங்கில் பிறந்து, கேம்பிரிட்ஜில் வைத்தியம் கற்று, 1910-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் பரவி அறுபதினாயிரம் பேர் வரையில் கொண்டுபோன நுரையீரல் பிளேக்கின் எதிரே நின்று, சல்லாத்துணியால் தைத்த முகக்கவசத்தை அணியும்படி எல்லாரையும் வற்புறுத்திய ஊ லியென்-தே அவர். ஒரே கிண்ணத்தில் பலரும் தங்கள் தங்கள் குச்சிகளை விட்டு எடுத்துண்ணும் வழக்கத்தால் நோய் பரவுவதைக் கண்ட அவர், பொதுக் கரண்டிகளோடு கூடிய சுழலும் ‘சுகாதார உணவுப் பலகை’ ஒன்றை 1915-ஆம் ஆண்டளவில் சிபாரிசு செய்தார். தனித்தனித் தட்டில் தனித்தனியாக உண்ணுங்கள் என்று சொல்லிவிடுவது ஒரு வைத்தியருக்கு எத்தனை சுலபம்! அப்படிச் சொல்லாமல், கூடி உண்ணும் இன்பத்தையும் காப்பாற்றி நோய்க்கும் இடங்கொடாத ஒரு வழியைத் தேடிய அந்த மனிதரிடம் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. எத்தனையோ பிணங்கள் எரிவதைக் கண்ட பிறகும், மனிதர் ஒன்றாக அமர்ந்து உண்பது விட்டுவிடத் தக்கதன்று என்றே அவர் முடிவு கட்டியிருக்கிறார்.

நம் ஊர்ப் பந்தியில் எல்லாம் பரிமாறுகிறவன் கையில் இருக்கிறது. பெரிய மனிதர் இலைக்கு முன்னால் நெய்ச்செம்பு நின்று நிதானித்துப் போகும். கோடி இலைகளுக்கு வந்து சேரும்போது செம்பு காலியாகிவிடும். இதற்குப் பந்தி வஞ்சனை என்று பெயரிட்டு, அதைப் பாவங்களுள் ஒன்றாகவே நம் முன்னோர்கள் எண்ணி வந்தார்கள். சுழலும் பலகையில் பந்தி வஞ்சனை செய்வது கஷ்டம். ஆன்ட்டியின் எதிரே நிற்கும் வாத்துத் தட்டு, அவர் ஒரு துண்டை எடுத்த மறுகணமே நகர்ந்து என் எதிரே வந்துவிடுகிறது. நான் எடுத்த பிறகு நகர்ந்தாக வேண்டும். எவரிடமும் கேட்டுப் பெற வேண்டியதில்லை, எவருக்கும் கொடுத்தோம் என்ற பெருமையும் இல்லை.

முதலில் வந்தது அந்த வாத்துதான். சோயாச் சாற்றில், அன்னாசிப்பூவும் பட்டையும் அரத்தையும் போட்டு, நிறம் கறுக்கும்வரை வேகவைத்தது. அரத்தையின் வாசனை எழுந்தபோது, சளி பிடித்த நாட்களில் பாட்டி வைத்துக் கொடுத்த கஷாயம் என் நாக்குக்கு ஞாபகம் வந்தது. பிறகு முழு வாவல் மீன், ஆவியில் வேகவைத்து, இஞ்சிக் கீற்றுகளும் தக்காளியும் உப்பில் ஊறிய கடுகுக்கீரையும் புளிப்பான பிளம் பழமும் சூழ வந்து இறங்கியது. இளையவர்கள் மூத்தவரை முறைவைத்துக் கூப்பிட்டு, சாப்பிடுங்கள் என்று வேண்டிக்கொண்ட பிறகே குச்சிகளைத் தொடுவது அவர்கள் வழக்கம். சிநேகிதியும் அவள் கணவரும் அவ்வாறே செய்தார்கள். சியாக் பா புவே, சாப்பிட்டாகிவிட்டதா என்பதுதான் ஹொக்கியனிலும் தியோச்சூவிலும் ஒருவரை ஒருவர் விசாரிக்கும் வார்த்தை. வழியில் கண்டவரை நாம் விசாரிப்பதும் அதேதான்.

மீனின் மேற்பாதி தீர்ந்ததும் அதைப் புரட்டிப்போட நான் கரண்டியை நீட்டினேன். ஆன்ட்டியின் குச்சிகள் என் கரண்டியின்மேல் வந்து, ஒரு குருவி உட்காருவதைப் போல, அமர்ந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. குச்சிகளின் நுனியை வால்பக்கத்தில் செலுத்தி, நடுமுள்ளை வால் முதல் தலைவரை ஒரே வீச்சில் முழுசாகத் தூக்கி ஓரமாக வைத்தார். அடியிலிருந்த சதை கலையாமல் வெள்ளையாக அப்படியே கிடந்தது. மீனைப் புரட்டினால் கடலில் எங்கேயோ ஒரு படகு கவிழும் என்பது அந்தக் கரையோர மக்களின் நம்பிக்கை என்று சிநேகிதி என் காதருகே சொன்னாள். ராஜுலாக் கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து ஏறி, ஏழாம் நாளோ எட்டாம் நாளோ இங்கே வந்து இறங்கிய என் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். கடலைக் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் அந்த மேசையைச் சுற்றி இருந்த எல்லாரும். ஆன்ட்டி மீனின் கன்னத்துச் சதையை, ஒரு மீனில் இரண்டே துண்டு கிடைக்கும் அந்த மென்மையான சதையை, எடுத்து என் தட்டில் வைத்து, “மக்கான், மக்கான்” என்றார். அவருக்கு ஆங்கிலம் சரளமில்லை. எனக்கு தியோச்சூ தெரியாது. எங்கள் இருவருக்கும் பொதுவாக அமைந்தது சந்தை மலாய். அவரும் என் அம்மாவும் தொலைபேசியில் அரைமணி நேரம் பேசிக்கொள்வதும் அந்த மொழியில்தான்.

கடைசியில் வந்த தித்திப்பைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். சேப்பங்கிழங்கை வேகவைத்து மசித்து, சர்க்கரை சேர்த்து, கொழுப்பில் விடாமல் கிளறி, கிங்கோ விதைகளை மேலே பதித்துத் தருகிற அதற்கு ‘ஓர் நீ’ என்று பெயர். சம்பிரதாயப்படி கிளறுவது பன்றிக் கொழுப்பில். என் அம்மா அதைத் தொடமாட்டாள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ஆன்ட்டி இரண்டு நாள் முன்னதாகவே உணவகத்துக்குத் தொலைபேசி செய்து, அன்று எங்கள் மேசைக்கு மட்டும் சின்ன வெங்காயம் பொரித்த எண்ணெயில் கிளறும்படி ஏற்பாடு செய்திருந்தார். அவரும் சில பதார்த்தங்களைத் தொடாதவர். குவான் யின் தேவியை வழிபடுகிறவராதலால் மாட்டிறைச்சி உண்பதில்லை. வாட்டர்லூ தெருவில் குவான் யின் கோவிலுக்குப் போகும்போதெல்லாம், அடுத்தாற்போல் இருக்கும் கிருஷ்ணன் கோவில் வாயிலிலும் ஊதுபத்தி ஏற்றிவிட்டே வருவார். அந்தத் தெருவில் அப்படிச் செய்யும் சீனர் அநேகர். கைப்பையோடு கொண்டுவந்திருந்த எவர்சில்வர் அடுக்குப் பாத்திரத்தின் ஒரு தட்டில் ‘ஓர் நீ’யை நிரப்பி, மூடியை அழுத்தி, “அம்மாவுக்கு” என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு, டாக்சி ஏறினார். அந்தப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டே நான் படம் முழுவதையும் பார்த்தேன்.

மூன்று நாள் முன்னர்தான் சிங்கப்பூரில் திரைக்கு வந்திருந்தது ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’. கெவின் குவான் 2013-இல் வெளியிட்ட நாவலின் திரைவடிவம் அது. இங்கே பிறந்து, பதினோரு வயதளவில் குடும்பத்தோடு அமெரிக்கா போய்விட்டவர் அவர். நியூயார்க்கில் பொருளாதாரம் கற்பிக்கும் ரேச்சல் என்ற பெண், தான் காதலிக்கும் நிக் என்பவனோடு, அவன் நண்பனின் கல்யாணத்துக்காகச் சிங்கப்பூர் வருகிறாள். வந்த பிறகே அவன் குடும்பத்தின் செல்வம் எத்தகையது என்று அறிகிறாள். அவன் தாய் எலினருக்கு அவளைப் பிடிக்கவில்லை. கதை இவ்வளவுதான். அமெரிக்காவின் பெரிய ஸ்டூடியோ ஒன்று, இக்காலக் கதையில் ஆசிய வம்சத்தாரையே பெரும்பான்மையாக நடிக்கவைத்து எடுத்த படம் ஒன்றுக்கு, 1993-இல் ஏமி டானின் நாவலிலிருந்து வந்த ‘ஜாய் லக் கிளப்’புக்குப் பிறகு 25 வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. வீட்டிலிருந்தே பார்க்கும்படி வெளியிட நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் பெருந்தொகை கொடுக்க முன்வந்தபோதும், கெவின் குவானும் இயக்குநர் ஜான் எம். சூவும் அதை மறுத்து, தியேட்டரில் ஜனங்கள் கூடிப் பார்க்கும் படமாகவே இது இருக்க வேண்டும் என்று நின்றார்கள். அது எவ்வளவு சரியான முடிவு என்பது, நியூட்டன் உணவு அங்காடி திரையில் வந்த கணத்தில் கொட்டகை முழுவதும் எழுந்த சலசலப்பைக் கேட்டவர்களுக்குத் தெரியும். தம் தெருவைத் திரையில் கண்டுவிட்ட ஜனங்களின் குரல் அது. முன்வரிசைக் கிழவர் ஒருவர் எந்தக் கடை என்று தம் மனைவிக்கு விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

நாவலை நான் முன்பே படித்திருந்தேன். வம்சாவளிப் பட்டியலோடு தொடங்குகிற அந்தப் புத்தகத்தில், பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்புகள். இந்தப் பண்டம் இன்னது, இந்த ஹொக்கியன் வசவுக்கு இன்ன பொருள் என்று ஆசிரியர் நம் தோளுக்குப் பின்னால் நின்று ரகசியமாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். புத்தகத்தின் ஹாஸ்யத்தில் பாதி அந்த அடிக்குறிப்புகளில்தான் இருக்கிறது. நகை என்னும் மெய்ப்பாட்டைத் தொல்காப்பியர் முதலில் வைத்து, அது பிறக்கும் நிலைக்களம் நான்கு என்று எண்ணும்போது, எள்ளுதலையும் இளமையையும் பேதைமையையும் மடமையையும் தனித்தனியே பிரித்தார். கெவின் குவானுடைய நகை பெரும்பாலும் எள்ளலில் பிறந்தது. பகட்டிலும் பெயர்பெற்ற கடைகளின் துணிமணிகளிலும் மூழ்கிக் கிடக்கும் தம் சொந்த வர்க்கத்தாரைக் கூர்மையாகப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. திரைப்படத்தில் அடிக்குறிப்புக்கு இடமில்லை. தோளுக்குப் பின்னால் நின்று பேசியவர் விலகிப் போனதும், மனிதர்களின் முகம் நேராக நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது; நேராகப் பார்க்கும் முகத்தை வெகுநேரம் எள்ளி நகைக்க முடிவதில்லை. ஆகவே படத்தின் சிரிப்பு, இளமையிலும் பேதைமையிலும் பிறக்கும் சிரிப்பாக இளகிவிட்டது. புத்தகத்தைப் படமாக்குவோர் அதன் கூர்மையைக் கெடுத்துவிடுகிறார்கள் என்று விமரிசகர்கள் வருந்துவதுண்டு. இந்தப் படத்தில் கூர்மை கெட்டது உண்மைதான். அதனால் வந்த லாபமே பெரிது என்பது என் அபிப்பிராயம்.

கொழுக்கட்டை பிடிக்கும் காட்சியைச் சொல்லுகிறேன். பெரிய வீட்டில் குடும்பம் முழுவதும் மேசையைச் சுற்றி அமர்ந்து, மெல்லிய மாவு வட்டத்தில் பூரணம் வைத்து, விரல் நுனியால் மடிப்பு மடிப்பாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டி கற்பித்தது அம்மாவுக்கு, அம்மா கற்பித்தது பிள்ளைக்கு என்று விரல்வழியாக வரும் வித்தை அது. ரேச்சல் அந்தக் கூட்டத்தின் நடுவேதான் இருக்கிறாள். எல்லாரும் அன்பாகத்தான் பேசுகிறார்கள். பிறகு மாடிப்படியில் அவளைத் தனியே நிறுத்தி, தன் மாமியாருக்குத் தன்னைப் பிடிக்காமல் குடும்ப மோதிரத்தைத் தர மறுத்ததால் கணவன் வேறு மோதிரம் செய்து போட நேர்ந்தது என்பதை எலினர் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, நீ ஒருநாளும் போதமாட்டாய் என்கிறாள். ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ எலினராக நடித்திருக்கிறார். திரையில் தோன்றும் பச்சைக்கல் மோதிரம் அவருடைய சொந்த மோதிரம். குரலை ஒரு படிகூட உயர்த்தாமல் ஒரு பெண்ணை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட முடியும் என்பதை அவர் முகம் காட்டியபோது, என் பக்கத்தில் இருந்த மலாய்ச் சிநேகிதி என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். பெண் பார்க்க வந்த வீட்டில் சம்பந்தம் நிச்சயமாகும்வரை கை நனைக்க மாட்டோம் என்று எழுந்து போகும் பெரியவர்களைப் பார்த்திருக்கிற நமக்கு இந்த மாமியாரை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதே இல்லை.

எலினர் ஒரு ஹொக்கியன் சொல்லைச் சொல்லுகிறாள்: காக்கி லாங். நம்மவர் என்று பொருள். நீ நம்மவள் அல்லள் என்பதுதான் அவள் சொல்லவந்தது. இந்தச் சொல் வருவது படத்தின் உச்சமான மாஜோங் காட்சியில். நாவலில் அந்த ஆட்டம் கிடையாது, படத்துக்காகவே அமைக்கப்பட்டது. தோற்றுவிடக்கூடாது என்று அஞ்சி ஆடுகிறவன் ஜெயிப்பதில்லை என்பதை வகுப்பில் சீட்டாடிக் காட்டிய பொருளாதார ஆசிரியை, ஜெயிப்பதற்கு வேண்டிய காயைத் தானே எடுத்தும், எலினருக்கு அந்தக் காய் வேண்டியிருப்பதை அறிந்து, அதை வெளியே போட்டுவிடுகிறாள். எலினர் ஜெயிக்கிறாள். அதன் பிறகு ரேச்சல் தன் காய்களை நிமிர்த்திக் காட்டுகிறாள். நிக் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதையும், தாயை அவன் இழந்துவிடலாகாது என்று தான் மறுத்துவிட்டதையும் சொல்லிவிட்டு, பின்னால் காத்திருந்த தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறாள். நாவலின் எந்த அத்தியாயமும் என்னை இப்படி அசைத்ததில்லை. வார்த்தையால் விலக்கியவளுக்குச் செய்கையால் விடை சொன்ன அந்தப் பெண், அந்த ஆட்ட மேசையில் ஒரு விருந்து பரிமாறிவிட்டாள் என்றே எனக்குத் தோன்றியது. விருந்தாளிக்கு மீனின் கன்னத்தை எடுத்து வைப்பவர்களுக்கு அந்தச் செய்கை புரியும்.

அந்தக் காட்சி படமானது பினாங்கில், சியோங் ஃபாட் ட்ஸே என்னும் வணிகர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கிய மாளிகையில். தண்ணீர் சுமந்து பிழைப்பைத் தொடங்கிப் பெருஞ்செல்வரானவர் என்று அவரைப் பற்றிச் சொல்லுவார்கள். 38 அறைகளும், 5 முற்றங்களும், 220 சன்னல்களும் உடைய அந்த வீட்டின் வெளிச்சுவர்கள் முழுவதும் ஆழ்ந்த நீலம். சுண்ணாம்பில் அவுரிச் சாயத்தைக் கலந்து பூசிய நீலம் அது. அந்த அவுரி இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. பினாங்கு போயிருந்தபோது அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சி வெளிவிடுகிறபடியால் வெயில் வேளையிலும் அது குளிர்ச்சியாகவே இருக்கிறது.

இனி என் மனக்குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் நூற்றுக்குச் சுமார் 74 பேர் சீனர், 13 பேர் மலாய்க்காரர், 9 பேர் இந்தியர். நான்கு அரசாங்க மொழிகளுள் தமிழும் ஒன்று. ரயிலில் ஏறினால் தமிழ் அறிவிப்பு காதில் விழும். இரண்டு மணி நேரம் ஓடிய படத்தில் மாளிகை வாயிலில் துப்பாக்கியோடு இருட்டிலிருந்து வெளிப்பட்டு, காரில் வந்த பெண்களைத் திடுக்கிட வைக்கும் காவலர்களாகவும், பரிவாரத்தில் ஏவல் செய்வோராகவும் அன்றி மாநிற முகம் ஏதும் என் கண்ணில் நிற்கவில்லை. பழைய சீனச் செல்வக் குடும்பம் ஒன்றின் கதையில் எல்லாரையும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கதைக்குக் கதைக்குரிய எல்லை உண்டு. ஆனால் காமிரா அந்த வீட்டைவிட்டு வெளியே வந்து, நகரத்தில் நடந்து, அங்காடியில் அமர்ந்து உண்ணும்போதும் நாங்கள் தென்படாமல் போனது எப்படி? கேரளத்திலிருந்து வந்த ஒருவர் 1949-இல் இங்கே உணவுக் கடை நடத்தியபோது, மீன்தலையைச் சீன வாடிக்கையாளர்கள் விரும்புவதைக் கண்டு நம் மசாலாக் குழம்பில் அதைப் போட்டுக் கொடுத்தார். அந்த மீன்தலைக் கறியை இன்று எல்லா இனத்தாரும் தங்கள் ஊர்ச் சாப்பாடு என்றே உரிமை கொண்டாடுகிறார்கள். அப்படிப்பட்ட ஊர் இது. நூறு வருஷத்து அலட்சியத்துக்குப் பிறகு ஹாலிவுட்டின் பந்தியில் ஆசியர்களுக்கு இலை போட்டார்கள் என்று நெஞ்சு நிறைந்து சிரித்துக்கொண்டிருந்த அதே வேளையில், நெய்ச்செம்பு எங்கள் வரிசைக்கு வராமலே திரும்பிப் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு உணர்ச்சியும் மெய். ஒன்று மற்றதை அழித்துவிடவில்லை.

வெளியே வந்தபோது மலாய்ச் சிநேகிதி இதையே வேறு விதமாகச் சொன்னாள். நியூட்டனில் சாத்தே சுடுகிற கையைக் காட்டினார்களே, அந்தக் கைக்கு உரியவர் முகத்தை இன்னும் ஒரு நிமிஷம் காட்டியிருக்கலாம் என்றாள். சீனச் சிநேகிதி சற்று நேரம் பேசாமல் நடந்தாள். பிறகு, “நான் அதைக் கவனிக்கவே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது” என்றாள். அவள் சமாதானம் சொல்ல முயன்றிருந்தால் நான் வருத்தப்பட்டிருப்பேன்.

படத்தில் கல்யாணம் நடக்கும் தேவாலயம் விக்டோரியா தெருவில் இருக்கிறது. கன்னிமாடமாக இருந்து இப்போது சைம்ஸ் என்று பெயர் பெற்றிருக்கும் அந்த வளாகத்தைச் சுற்றிக்கொண்டு, ரயில் நிலையத்தை நோக்கி நடந்தோம். படத்தில் மணமகள் நடந்து வரும்போது அதன் தரையில் தண்ணீர் ஓடவிட்டிருந்தார்கள். இரண்டு பெண்களும் அந்த அழகைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். சற்றுத் தள்ளி, புல்வெளியின் நடுவே, பௌர்ணமி நிலவில் வெள்ளையாக நின்றது புனித ஆண்ட்ரூஸ் பேராலயம். நான் அவர்களை நிறுத்திச் சொன்னேன்: 1850-களின் பிற்பாதியில் கட்டத் தொடங்கிய இந்த ஆலயத்தை எழுப்பியவர்கள், இந்தியாவிலிருந்து இங்கே நாடுகடத்தப்பட்ட கைதிகள். உட்சுவரில் பூசியிருப்பது சிப்பிச் சுண்ணாம்பு. அதில் முட்டையின் வெண்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் அரைத்துச் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, காய்ந்த பிறகு கல்லால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் சுவர் கண்ணாடி போல் மின்னுகிறதே, அதே வித்தை. ஆங்கிலத்தில் அதை எழுதிவைத்தவர்கள் அதற்கு வேறு பெயர் தேடவில்லை. ‘மெட்ராஸ் சுனாம்’ என்று சுண்ணாம்பின் பெயராலேயே எழுதினார்கள். கைதிகளின் பெயர்களை அந்தச் சுவர் சொல்லாது. மலாய்ச் சிநேகிதி கம்பிக் கதவின் அருகே போய் எட்டிப் பார்த்தாள். இன்னொரு நாள் பகலில் வந்து உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று மூவரும் பேசிக்கொண்டோம்.

வீட்டுக்குக் கீழே, தகர உருளையில் நெருப்பு அடங்கிச் சாம்பல் மட்டும் சிவந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் யாரோ ஆவிகளுக்காக வைத்த ஆரஞ்சுப் பழங்களும் ஒரு கிண்ணம் சோறும் இருந்தன. அம்மா விழித்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்தைத் திறந்து, முகர்ந்து பார்த்து, ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, “சேப்பங்கிழங்கா! இதில் இப்படி ஒரு தித்திப்பு பண்ண முடியுமா?” என்று ஆச்சரியப்பட்டாள். கொழுப்பு சேர்க்காமல் ஆன்ட்டி சொல்லிச் செய்யவைத்ததைச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மிச்சத்தைக் கிண்ணத்தில் மாற்றி, அடுக்குப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்து அலம்பி, துணியால் துடைத்தாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

“அந்த அம்மாவுக்குப் பல் எப்படி? அதிரசம் கடிப்பாளா?” என்று கேட்டாள்.

“பல் செட்டு கட்டியிருக்கிறார், அம்மா.”

“அப்படியானால் பால் கொழுக்கட்டை” என்று சொல்லி, அரிசியை ஊறப்போட்டுவிட்டே படுக்கப் போனாள்.